தேயிலை பூக்கும்போது: இடுக்கி, ஆனைமலைப் பகுதிகளில் ஒரு நிழற்செடியின் வரலாறு

பசுமை மாறாத பூச்செடி ஒன்றை நிழலான தோட்டத்தில் வளர்ப்பவர் அது பூக்கும் நாளுக்காகக் காத்திருப்பார். குளிரைத் தாங்கி, இலை உதிர்க்காமல் நின்ற செடி முதல் மொட்டை விரிக்கும்போதுதான் அவருடைய உழைப்பு நிறைவு பெறும். கேரளத்தின் இடுக்கி மாவட்ட மலைகளிலும், பாலக்காட்டின் நெல்லியாம்பதியிலும், இவ்விரண்டுக்கும் இடையே தமிழ்நாட்டு எல்லைக்குள் அமைந்த வால்பாறையிலும் இத்தகைய செடி ஒன்று பல்லாயிரம் ஏக்கரில் வளர்கிறது. ஆனால் அங்கே அது பூத்தால் யாரும் மகிழ்வதில்லை. பூ மிகுந்தால் செடிக்கு நலக்குறைவு அல்லது தோட்டத்துக்குக் கேடு என்றே பொருள் கொள்வர். அந்தச் செடி தேயிலை.

தேயிலை கமேலியா இனத்தைச் சேர்ந்தது. மொராவியாவில் பிறந்து பிலிப்பைன்ஸில் பணியாற்றிய கேமல் என்னும் சேசு சபைத் துறவியின் பெயரை லின்னேயஸ் இவ்வினத்துக்கு இட்டார். உலகெங்கும் பூவுக்காகவே போற்றி வளர்க்கப்படும் கமேலியா ஜப்பானிக்கா இதன் நெருங்கிய உறவு. தேயிலைக்கும் பூ உண்டு. வெண்ணிற இதழ்கள், நடுவே திரளான மஞ்சள் மகரந்தத் தாள்கள், மெல்லிய மணம். தென்மேற்குச் சீனம், வடக்கு மியான்மர், அஸ்ஸாம் ஆகிய பகுதிகளின் காடுகளில் பெருமரங்களின் கீழ் வளரப் பழகியது இச்செடி. வெட்டாமல் விட்டால் அஸ்ஸாம் வகை 10 மீட்டருக்கும் மேல் மரமாக உயரும். இடுப்பளவு உயரத்தில் பாய் விரித்தாற்போல் காணப்படும் பச்சைப் பரப்பு இயற்கை தந்த வடிவமன்று. அது மனிதக் கைகள் நாள்தோறும் செய்து வைத்திருக்கும் வடிவம்.

தேயிலைக் குடும்பத்துக்கு இம்மலைகளில் பூர்வீக உறவினரும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் காணப்படும் கோர்டோனியா மரம் அதே குடும்பத்தது. அதன் வெண்பூவைத் தேயிலைப் பூவோடு வைத்துப் பார்ப்பவர் இரண்டுக்குமான சாயலை உடனே உணர்வார். ஆக, சோலையின் ஓரத்தில் ஒரு கிளை உறவு தன் போக்கில் பூத்துக் காய்க்க, அதற்கு எதிர்ச்சரிவில் மற்றொரு கிளை உறவு பூக்காமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வளர்க்கப்படுகிறது. இந்த நிபந்தனை எவ்வாறு உருவானது, அதை நிறைவேற்றியவர்கள் யாவர் என்று கேட்டால், விடை தாவரவியலிலிருந்து சமூக வரலாற்றுக்கு இட்டுச் செல்கிறது.

இந்நிலப்பகுதியின் அமைப்பை முதலில் நோக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே எழும் நெல்லியாம்பதி மலைகள் பறம்பிக்குளம், ஆனைமலை வழியாகத் தெற்கே நீண்டு, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியில் உச்சம் பெறுகின்றன. அதற்குத் தெற்கே மூணாறு, தேவிகுளம், ஏலமலைகள், பீருமேடு என்று தொடர் செல்கிறது. இன்று இரு மாநிலங்களும் பல மாவட்டங்களும் பங்கிட்டுக்கொண்டுள்ள இத்தொடர், 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர், கொச்சி, சென்னை மாகாணம் ஆகிய மூன்று ஆட்சிகளின் விளிம்பாக இருந்தது. விளிம்பில் இருந்ததாலேயே நிலம் மலிவாகக் கைமாறியது.

தோட்டப் பயிர்கள் இம்மலைகளுக்கு வந்தபோது நிழலைப் பற்றி இருவேறு மரபுகள் ஒருங்கே உருவாயின. ஏலமலைகளில் காட்டின் பெருமரங்களை நிறுத்திவிட்டு, அடிக்காட்டை மட்டும் நீக்கி ஏலம் நட்டனர். நெல்லியாம்பதியிலும் காப்பியும் ஏலமும் பெரும்பாலும் இவ்வாறே காட்டு நிழலில் வளர்ந்தன. தேயிலைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. காடு முழுவதும் வெட்டப்பட்டு, தீயிடப்பட்டு, வெறுமையான சரிவில் நாற்று நடப்பட்டது. காட்டின் அடியில் வாழப் பிறந்த ஒரு தாவரத்துக்காகக் காடே அழிக்கப்பட்டது என்பது இவ்வரலாற்றின் முதல் முரண்.

மூணாற்றுப் பகுதியில் இதன் தொடக்கம் ஓர் ஆவணத்தில் உள்ளது. 1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு அரச குடும்பத்தின் தலைவர், ஜான் டேனியல் மன்ரோ என்னும் ஆங்கிலேயருக்குக் கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலைகளை எழுதிக்கொடுத்தார். ஏறத்தாழ 227 சதுர மைல் பரப்புக்கு ஈடாகத் தரப்பட்டது 5,000 ரூபாயும் ஆண்டுக்கு 3,000 ரூபாய் குத்தகையும். முதுவர் முதலான பழங்குடியினர் அம்மலைகளில் வாழ்ந்துகொண்டிருந்தனர். அந்த ஒப்பந்தத்தில் அவர்கள் ஒரு தரப்பாக இல்லை. 1879இல் வடதிருவிதாங்கூர் நில, தோட்ட, வேளாண் கழகம் உருவாயிற்று. அதன் உறுப்பினர்கள் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டு பல பயிர்களைச் சோதித்தனர்.

தொடக்கத்தில் அவர்கள் நம்பியது தேயிலையை அன்று, காப்பியையும் சிங்கோனாவையும்தான். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட காப்பி இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கியது. ஜாவாவில் விளைந்த சிங்கோனாப் பட்டை உலகச் சந்தையை நிறைத்தபோது அதன் விலை சரிந்தது. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி வீழ்ந்ததும் அத்தீவு முழுவதும் தேயிலைக்கு மாறியது. மூணாற்றில் 1880ஆம் ஆண்டையொட்டி ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி தோட்டத்தில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டார். 1890களில் ஃபின்லே மூயர் நிறுவனம் இம்மலைகளில் காலூன்றியது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதன் பின் தேயிலை பிற பயிர்களை ஓரங்கட்டியது.

நட்டவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பது இம்மலைகளின் மொழியிலேயே பதிந்துள்ளது. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் வட்டாரங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். பஞ்சமும் கடனும் சாதி ஒடுக்குமுறையும் விரட்டிய குடும்பங்கள், அவற்றுள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், போடிநாயக்கனூர், கொட்டகுடி வழியாக மலையேறினர். கங்காணி கொடுத்த முன்பணம் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. ஆனைமலைப் பகுதியில் இம்முறை எவ்வாறு இயங்கியது என்பதை, தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் தம் நாவலில் பதிவு செய்தார். 1969இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அது பின்னர் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழாக்கம் பெற்றது. கொழுந்து, கவாத்து, லயம், பெரட்டு ஆகிய சொற்கள் கேரளத்துத் தோட்டங்களில் இன்றும் வழங்குவதற்குக் காரணம் இந்த இடப்பெயர்வே.

வெறுமையான சரிவில் நடப்பட்ட தேயிலை விரைவிலேயே தன் குறைகளைக் காட்டியது. ஆண்டின் ஒரு பாதியில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை மேல்மண்ணை அடித்துச் சென்றது. களைகளை மண்வெட்டியால் சுத்தமாகச் செதுக்கும் அக்கால வழக்கம் இந்த இழப்பை மேலும் கூட்டியது. மறு பாதியில், குறிப்பாக ஜனவரி முதல் மார்ச் வரை, வறட்சி இலையைக் கருக்கியது. தேயிலை இலையின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி செல்சியஸைக் கடந்தால் ஒளிச்சேர்க்கை சரியத் தொடங்கும். நேரடி வெயிலில் இலையின் சூடு காற்றின் சூட்டைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். குளிர்ந்த மலையிலும் செடி வெயிலால் வாடுவது இதனாலேயே. ஆகவே வெட்டி வீழ்த்திய நிழலை மீண்டும் நட வேண்டியதாயிற்று.

அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மரம் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்த சில்வர் ஓக். பெயரில் ஓக் என்றிருந்தாலும் அது ஓக் குடும்பத்து மரமன்று. கிரெவிலியா என்னும் அதன் தாவரவியல் பெயர் சார்லஸ் ஃபிரான்சிஸ் கிரெவில் என்னும் ஆங்கிலேயரின் நினைவாக இடப்பட்டது. பேரரசின் கப்பல்களும் தாவரவியல் தோட்டங்களும் அதை 19ஆம் நூற்றாண்டிலேயே தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டு வந்திருந்தன. வேர் ஆழமாக இறங்கும். இலை நுண்ணிய பிளவுகளை உடையதாதலால் ஒளி சல்லடையில் வடிந்தாற்போல் கீழே விழும். உச்சியை வெட்டினாலும் தாங்கும். உதிரும் சருகு மண்ணை மூடும். அஸ்ஸாமில் இதே பணியை அல்பீசியா இன மரங்கள் செய்தன. இலங்கையில் சில்வர் ஓக்கோடு முள்முருங்கையும் நடப்பட்டது. அல்பீசியாவும் முள்முருங்கையும் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பவை. சில்வர் ஓக்குக்கு அந்தத் திறன் இல்லை. ஆயினும் மரமாக விற்கலாம் என்பதும், தாழ்ந்த உயரங்களில் மிளகுக் கொடியைப் படரவிடலாம் என்பதும் அதற்குச் சாதகமாயின.

நிழல் மரத்தின் மற்றொரு பயன் உறைபனிக் காலத்தில் தெரியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமற்ற இரவுகளில், நிலமும் இலையும் தம் வெப்பத்தை வானுக்கு இழக்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எனவே மேட்டிலுள்ள செடி தப்பிப் பள்ளத்துச் செடி கருகுவது இங்கு வழக்கம். விடியலில் உறைந்த இலையின் மேல் வெயில் பட்டதும் அது தீப்பட்டாற்போல் பழுப்பாகிவிடும். 2019 ஜனவரியில் மூணாற்றின் சுற்றுப்புறங்களில் வெப்பநிலை பல நாள்கள் சுழியத்துக்குக் கீழே இறங்கியபோது தேயிலைப் பரப்பு பெரிதும் பாதிக்கப்பட்டது. தலைக்கு மேல் மரக்கிளை இருந்தால் செடி இழக்கும் வெப்பத்தின் ஒரு பகுதி தடுக்கப்படும். சீன வகைத் தேயிலை குளிரை நன்கு தாங்கும். ஆனால் விளைச்சல் குறைவு. அஸ்ஸாம் வகை மிகுதியாக விளையும், குளிரில் துவளும். தென்னிந்தியத் தோட்டங்களின் பழைய விதைச்செடிகள் பல இவ்விரண்டின் கலப்பே.

எவ்வளவு நிழல் வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே விடை என்றும் நிலைத்திருக்கவில்லை. தொடக்கத்தில் சுமார் 20 அடி இடைவெளியில் மரங்களை நட்டு, அவை வளர்ந்த பின் ஒன்று விட்டு ஒன்றாக நீக்கி 40 அடி இடைவெளிக்குக் கொண்டுவருவது பரிந்துரையாயிற்று. பருவமழைக்கு முன் கிளைகளைக் கழித்து ஒளியைக் கூட்டுவதும், மழை முடிந்து வறட்சி வருமுன் மீண்டும் தழைக்க விடுவதும் ஆண்டுச் சுழற்சியாயின. 1893இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி, நீலகிரியின் தேவர்சோலையிலும் பின்னர் வால்பாறையை அடுத்த சிங்கோனாவிலும் நடத்திய தேயிலை ஆய்வுகள் இத்தகைய நடைமுறைகளுக்கு அறிவியல் அடித்தளம் தந்தன.

1946இல் இந்த ஏற்பாடு குலைந்தது. அஸ்ஸாமில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்டிருந்த கொப்புள நோய் அவ்வாண்டில் தென்னிந்தியாவையும் இலங்கையையும் எட்டியது. இளங்கொழுந்தில் கொப்புளமாக எழும் இப்பூஞ்சை ஈரத்திலும் நிழலிலும் செழிக்கும்; வெயிலில் அதன் வித்துகள் மடியும். நேற்று வரை காவலாக இருந்த நிழல் இப்போது நோயின் கூட்டாளியாயிற்று. மரங்கள் கழிக்கப்பட்டன, செப்புக் கலந்த பூஞ்சைக்கொல்லி தெளிப்பது மழைக்கால வழக்கமாயிற்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் உயர்நிலங்களில் நிழலின்றியே தேயிலை நன்கு விளைவதும், நைட்ரஜன் உரத்தின் முழுப் பயனை நிழல் தடுப்பதும் நிழலுக்கு எதிரான வாதத்தை வலுப்படுத்தின. ஆனால் ஜனவரி வறட்சி நீடிக்கும் தென்னிந்திய மலைகளில் மரங்களை முற்றாக நீக்க இயலவில்லை. அளவான நிழல் என்ற நடுவழியே நிலைத்தது.

ஜப்பானின் ஊஜி வட்டாரத்தில் இதே செடிக்கு நேர்ந்ததை ஒப்பிடலாம். அங்கே கொழுந்தெடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பாகச் செடிகளின் மேல் பந்தலிட்டு நிழல் தருகின்றனர். ஒளி குறைந்த இலையில் தியனின் என்னும் அமினோ அமிலம் மிகுந்து கசப்பு தணியும். கியோகுரோ, மட்சா ஆகிய விலையுயர்ந்த தேயிலைகள் இவ்வாறு உருவாகின்றன. அங்கு நிழல் சுவைக்கான செலவு. மூணாற்றில் நிழல் விளைச்சலுக்கான கணக்கு. இரண்டு இடங்களிலும் செடி ஒன்றே. நிழலின் அளவைத் தீர்மானித்த சந்தைகள் வேறு.

இக்கணக்கில் ஓர் இனம் எங்கும் இடம்பெறவில்லை. மரத்தின் கீழ் செடி நின்றது போலவே மனிதரும் நின்றனர். காலை முதல் மாலை வரை சரிவில் நின்று கொழுந்தெடுத்த பெண்ணுக்கு நண்பகல் வெயிலில் மரநிழல் என்னவாக இருந்தது, மருந்து தெளித்த ஆணுக்கு மரம் கழிக்கப்பட்ட காடு என்னவாக இருந்தது என்ற கேள்விகள் நிழல் பற்றிய பரிந்துரைகளின் பொருளாக இருந்ததில்லை. இலையின் வெப்பநிலை அளக்கப்பட்டது. இலையைக் கிள்ளிய விரலின் நிலை அளக்கப்படவில்லை.

பூக்காமை எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது என்பதைப் பார்த்தால், அந்த விரல்களின் இடம் தெளிவாகும். எந்தச் செடியும் தன் வளர்ச்சியை இலையிலிருந்து பூவுக்கும் விதைக்கும் திருப்ப முயலும். தேயிலையில் அத்திருப்பத்தைத் தடுப்பவை இரண்டு செயல்கள். முதலாவது கொழுந்தெடுத்தல். இரண்டு இலையும் ஓர் அரும்புமாக நுனியை 7 முதல் 14 நாள்களுக்கு ஒருமுறை கிள்ளினால் செடி மீண்டும் மீண்டும் துளிர்விடும். நாள் தவறினால் கொழுந்து முற்றும். மேலும் தவறினால் கிளை உயரும். பின்னர் மொட்டு வரும். இரண்டாவது கவாத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கத்தியால் செடியின் மேற்பகுதி முழுவதும் வெட்டப்படுகிறது. வேரில் போதிய மாவுச்சத்து சேர்ந்திருந்தால்தான் செடி பிழைக்கும். அதனால் கவாத்துக்கு முன் செடிக்கு ஓய்வு தருவதும், சில இலைக்கிளைகளை மூச்சுவிட விட்டுவைப்பதும், வெட்டிய கிளைகளையே மேலே பரப்பி வெட்டுவாயை வெயிலிலிருந்து மறைப்பதும் வழக்கம்.

கவாத்து என்னும் சொல் தமிழில் கிளை வெட்டுதலையும் படைவீரர் அணிவகுப்புப் பயிற்சியையும் குறிக்கும். தோட்டத்தில் இரு பொருளும் பொருந்தின. விடியலில் பெரட்டுக்களத்தில் ஆள்கள் வரிசையாக நிறுத்தப்பட்டுப் பெயர் அழைக்கப்பட்டனர். பின்னர் செடிகள் ஒரே மட்டத்தில் நிறுத்தப்பட்டன. எந்தக் கிளையை விடுவது, எந்த நுனி இன்னும் இரண்டு நாள் பொறுக்கும், எந்தப் பள்ளத்தில் பனி முதலில் இறங்கும் என்பன தாயிடமிருந்து மகளுக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் கைமாறிய அறிவு. தோட்ட மேலாளர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். செடியை விடாமல் அறிந்திருந்தவை தொழிலாளர் குடும்பங்களே.

விடுதலைக்குப் பின் சட்டம் அக்குடும்பங்களைக் கண்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை நிறுவனத்தின் கடமையாக்கியது. வீடு கிடைத்தது, ஆனால் அது வேலையோடு கட்டப்பட்ட வீடு. குடும்பத்தில் ஒருவர் வேலையில் இருக்கும்வரை மட்டுமே லயத்தில் இடம். 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தை இயற்றியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மன்ரோ பெற்ற பரப்பு அரசுக்கு வந்தது. பின்னர் தேயிலைக்கும் அதனோடு இணைந்த தேவைகளுக்கும் என்று சுமார் 57,000 ஏக்கர் நிறுவனத்திடமே இருக்க அனுமதிக்கப்பட்டது. ஆலைகளின் அடுப்புக்கு விறகு தரும் மரக்காடுகளும் அதில் அடங்கும். செடிக்கும் நிழலுக்கும் விறகுக்கும் நிலம் கணக்கிடப்பட்டது. அவற்றை வளர்த்தவர்கள் ஓய்வுக்குப் பின் வாழ நிலம் வேண்டும் என்பது இன்றும் கோரிக்கையாகவே நீடிக்கிறது.

இங்கே செடியின் ஆயுளையும் மனிதரின் தங்கும் உரிமையையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும். தேயிலைச் செடி முறையாகக் கவாத்துச் செய்தால் நூறாண்டுக்கும் மேல் விளையும். ஃபின்லே காலத்தில் நட்ட செடிகளிலிருந்து இன்றும் கொழுந்து வருகிறது. அதே சரிவில் நான்கைந்து தலைமுறையாக உழைத்த குடும்பத்தின் உறுப்பினர் 58 வயதில் ஓய்வு பெறுகிறார். பிள்ளைகள் தோட்ட வேலையில் சேராவிட்டால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மூதாதையர் விட்டுவந்த ஊரில் அவருக்கு வீடோ நிலமோ இருப்பது அரிது. சீனத்திலிருந்து வந்த செடியும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரமும் இம்மண்ணில் வேரூன்றிவிட்டன. இரண்டு மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் இன்னும் விருந்தினர் போலவே தங்கியிருக்கின்றனர்.

2000ஆம் ஆண்டையொட்டி வந்த விலை வீழ்ச்சியில் இம்முரண் வெளிப்படையாயிற்று. தேயிலை விலை சரிந்தபோது பீருமேடு, வண்டிப்பெரியாறு வட்டாரங்களில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. கொழுந்தெடுப்பு நின்றது, கவாத்து நின்றது. மருந்தும் உரமும் நின்றன. ஒரு நூற்றாண்டாகத் தடுக்கப்பட்டிருந்த செடி தன் இயல்புக்குத் திரும்பியது. கிளைகள் தலைக்கு மேல் உயர்ந்து, கொடிகள் பின்னி, தேயிலை காடாயிற்று. மழை ஓய்ந்த மாதங்களில் அது வெள்ளையாகப் பூத்தது. வழிப்போக்கருக்கு அழகாகத் தோன்றக்கூடிய அப்பூக்களின் கீழே ஊதியமும் சேமநிதியும் பணிக்கொடையும் கிடைக்காத குடும்பங்கள், ஒழுகும் லயங்களில், வேறு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தன. அங்கு தேயிலைப் பூ பட்டினியின் மலராக இருந்தது.

இதே மலைத்தொடரின் வேறொரு பூவோடு இதை ஒப்பிடாமல் இருக்க இயலாது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் இரவிகுளம் முதலிய இடங்களில் மலர்ந்தது. அதைக் காணத் தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் வந்தனர். 2006இல் குறிஞ்சிக்கென்றே ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தமிழ் மரபில் மலைநிலத்துக்கே பெயர் தந்த செடிக்கு அந்த மதிப்பு உரியதே. எனினும் மலையின் பூக்களில் எதற்குப் பொதுமக்களின் கண் திரும்புகிறது, எதற்குத் திரும்புவதில்லை என்பதும் வரலாற்றுக் கேள்வியாகும்.

2015 செப்டம்பரில் மூணாற்றின் பெண்கள் அந்தக் கண்களைத் தம் பக்கம் திருப்பினர். போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, நிறுவப்பட்ட தொழிற்சங்கங்களுக்கு வெளியே திரண்டு, ஆயிரக்கணக்கானோர் 9 நாள்கள் தெருவில் அமர்ந்தனர். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பெண்பிள்ளை ஒருமை என்னும் பெயர் அப்போராட்டத்தில் பிறந்தது. போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 விழுக்காடு பெற்றனர். அடுத்த மாதமே 232 ரூபாயாக இருந்த நாள் ஊதியத்தை 301 ரூபாயாக உயர்த்த உடன்பாடு ஏற்பட்டது. கொழுந்தெடுப்பு ஒன்பது நாள் நின்றால் செடி என்னவாகும் என்பதை அப்பெண்களைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர். அவர்களுடைய பேரத்தின் வலிமையில் அந்த அறிவுக்கும் பங்கு இருந்தது.

ஐந்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்டு 6 இரவில், பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள். லயம் எங்கே அமைய வேண்டும் என்பதை அங்கு வாழ்ந்தவர்கள் தீர்மானித்திருக்கவில்லை. சொந்த நிலம், சொந்த வீடு என்ற பழைய கோரிக்கை அதன் பின் மேலும் அழுத்தமாக எழுந்தது.

தோட்ட வரலாறுகள் பெரும்பாலும் நிறுவனங்களின் பதிவுகளிலிருந்து எழுதப்படுகின்றன. ஏக்கர், விளைச்சல், ஏலவிலை, ஆளெண்ணிக்கை ஆகியவற்றை அவை தரும். ஆனால் மலைச்சரிவே ஒரு பதிவேடு என்பதை ஆய்வாளர்கள் மறந்துவிடலாகாது. ஒரு பிரிவிலுள்ள சில்வர் ஓக் மரங்களின் பருமன் அப்பிரிவு எப்போது நிழலுக்குத் திரும்பியது என்பதைச் சொல்லும். மரத்தின் உச்சியிலுள்ள வெட்டுத் தழும்புகள் எந்தக் காலத்தில் ஒளி தேடப்பட்டது என்பதைக் காட்டும். செடியின் அடித்தண்டில் அடுக்கடுக்காகத் தெரியும் முடிச்சுகள் கவாத்துகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு முடிச்சும் பெயர் பதிவாகாத ஒரு தொழிலாளியின் கைவேலை. பூ மிகுந்த பகுதி எப்போது கை நின்றது என்பதைத் தெரிவிக்கும். இப்பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் லயங்களில் இருக்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் எர்ணாகுளத்துக்கும் வேலை தேடிச் சென்றுகொண்டிருக்கின்றனர். வட மாநிலங்களிலிருந்து வரும் புதிய தொழிலாளர்கள் கொழுந்தெடுக்கத் தொடங்கியுள்ளனர். ஓய்வுபெறும் தலைமுறையிடம் சென்று கேட்டுப் பதிவு செய்வதற்கான காலம் குறுகி வருகிறது. அவர்கள் லயத்தைக் காலி செய்து இறங்கிவிட்டால், எந்த மரம் ஏன் கழிக்கப்பட்டது, எந்தச் சரிவு எந்த ஆண்டு பூத்தது என்று சொல்ல மலையில் யாரும் இருக்கமாட்டார்கள்.